டயரை உதைத்துப் பார்ப்பவர்

பழைய கார் வாங்கப் போகிறவர்களிடம் ஊரே இரண்டு ஆபத்துகளைப் பற்றிச் சொல்லி எச்சரிக்கும். ஒன்று வண்டி. மற்றொன்று அதை விற்பவர். மூன்றாவது ஆபத்து நம் வீட்டிலிருந்தே சட்டையை மாட்டிக்கொண்டு கூடக் கிளம்பி வருகிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அவர்தான் 'வண்டி தெரிந்தவர்'.

அவரை நீங்கள் அழைக்க வேண்டியதில்லை. கார் வாங்கலாமா என்று நீங்கள் மனதுக்குள் நினைத்தாலே போதும், மோப்பம் பிடித்து வந்துவிடுவார். "தனியா போயிடாத, ஏமாத்திடுவானுங்க" என்பார். அவரிடம் கார் இருக்கிறதா என்று கேட்டுவிடாதீர்கள். இருப்பது ஒரு ஸ்கூட்டர். அதையும் காலையில் பக்கத்து வீட்டுக்காரர்தான் தள்ளிவிட வேண்டும்.

வண்டியின் முன்னால் நிற்கும்போது அவரைப் பார்க்க வேண்டும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வருவார், முன் டயரை ஓர் உதை விடுவார், பானட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவார், கதவைத் திறந்து மூடிக் காதைச் சாய்ப்பார், இன்ஜினை ஓடவிடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வார், கடைசியில் மூக்கு வழியாக ஒரு "ம்ம்" விடுவார். அவ்வளவுதான். அந்த 'ம்ம்'முக்கு அப்பீல் கிடையாது. உதை வாங்கிய டயர் அவரிடம் என்ன சொல்லியது? நான் ஒருமுறை கேட்டேன். "உதைச்சவனுக்குத்தான்டா தெரியும்" என்று பதில் வந்தது.

விற்பவர்களுக்கு இவரை எவ்வளவு பிடிக்கும் தெரியுமா? வாங்குகிறவரிடம் வண்டியை விற்பது கஷ்டம். வண்டி தெரிந்தவரிடம் அவரையே விற்பது சுலபம். "சார் பார்க்குற பார்வையிலயே தெரியுது, உங்ககிட்ட மறைக்க முடியுமா" என்று ஒரு வரி போதும். நாற்காலி வரும், டீ வரும். டீ பாதி குடிப்பதற்குள் அவர் கட்சி மாறியிருப்பார்.

எங்கள் குடும்பத்தில் இந்தப் பதவி மாமாவுடையது. அம்மாவின் தம்பி. என் தங்கை வீடு வீடாகப் போய், படுக்கையில் விழுந்தவர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுப்பவள். கனத்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் மாறி மாறிப் போய், அவளுக்கே பயிற்சி தேவைப்படும் நிலைமை வந்ததும், சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் திரட்டி ஒரு பழைய கார் வாங்கக் கிளம்பினாள். கடைக்காரர் கொடுத்த விளம்பரத்தில் 'விபத்தில்லை, வெள்ளத்தில் நனையாதது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இருந்தாலும் அவள் கெட்டிக்காரி. வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டுச் சோதித்துவிடலாம் என்றாள்.

மாமாவின் முகம் சுண்டிவிட்டது. "அப்புறம் நான் எதுக்கும்மா வந்தேன்? டீ குடிக்கவா?"

உண்மையில் அதற்குத்தான் வந்திருந்தார். ஆனால் பெற்ற தாயின் தம்பியிடம் அதைச் சொல்ல முடியுமா? தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். என் தங்கை காசு கொடுத்து வாங்கிய மாட்டின் பல்லையும் பார்க்காமல், மாமாவின் மனம் நோகக் கூடாது என்று வீட்டுக்கு ஓட்டி வந்தாள்.

வந்த வாரமே வண்டி வேலையைக் காட்டியது. இடது பக்கம் திரும்பினால் ஹாரன் தானாக அடித்தது. வெயிலில் வைப்பர் ஆடியது. சிக்னலில் நின்றால் நின்றதுதான். ஒவ்வொரு முறையும் அவள் மாமாவுக்குப் போன் செய்தாள்.

"புது ஆளு ஓட்டுறப்ப அப்படித்தான் இருக்கும். வண்டி உன்கிட்ட பழகணும்."

வண்டி பழகுவதற்குள், காத்திருந்து அலுத்துப்போன நோயாளிகள் இரண்டு பேர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். சேமிப்பும் போய், இருந்த வேலையும் கரைகிறதே என்று அவள் சமையலறையில் நின்று அழுதபோது எனக்கு மாமாவின் மேல் உண்மையிலேயே கோபம் வந்தது.

குட்டை உடைத்தது மாமாவின் வயிறுதான். ஒருநாள் ரயில் நிலையத்துக்குப் போக அவள் வண்டியில் ஏறினார். வழியில் போலீஸ் நிற்கும் என்று பயந்து, வாழ்க்கையில் முதல்முறையாக சீட் பெல்ட்டை இழுத்தார். அந்த வயிற்றைச் சுற்றி வர பெல்ட் கடைசி அங்குலம் வரை வெளியே வர வேண்டியிருந்தது. அதுவரை யாருக்கும் அவ்வளவு தூரம் வராத பெல்ட், அடிப்பகுதியில் காய்ந்த சேற்றோடு வந்து, மாமாவின் வெள்ளைச் சட்டையில் குறுக்காக ஒரு கோடு போட்டது.

"இது சேறுதானே மாமா?"

"டிசைனா இருக்கும்மா."

தங்கை அன்றே வண்டியின் தரைக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தாள். அடியிலும் அதே சேறு. வண்டி முழுதும் வெள்ளத்தில் முழுகி எழுந்தது என்பதில் சந்தேகமே இல்லை. கடைக்காரரோ வண்டியைத் திரும்ப எடுக்க முடியாது என்றார். விஷயம் நுகர்வோர் குறைதீர் அலுவலகத்துக்குப் போயிற்று.

"மேடம், நான் எதையும் மறைக்கல. இவங்க கூட ஒரு பெரிய நிபுணரே வந்து சோதிச்சு எடுத்துட்டுப் போனாரு. அதுக்கப்புறம் நான் எப்படிப் பொறுப்பு?" என்றார் கடைக்காரர்.

அதிகாரியம்மாள் மாமாவின் பக்கம் திரும்பினார். மாமா சொல்ல வேண்டியது ஒரே வரி: 'எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது.' வரும் வழியெல்லாம் தங்கை சொல்லிக் கொடுத்திருந்தாள். மாமாவும் தலையாட்டியிருந்தார். ஆனால் 'பெரிய நிபுணர்' என்ற சொல் காதில் விழுந்துவிட்டதே.

"நீங்க வண்டியைச் சோதிச்சீங்களா?"

"பின்ன? முழுசா சோதிச்சேன்."

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள்.

"எப்படிச் சோதிச்சீங்க?"

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். சுற்றி வந்ததைச் சொன்னார், உதைத்ததைச் சொன்னார், தட்டியதை மேஜையிலேயே தட்டிக் காட்டினார்.

"அடியில குனிஞ்சு பாத்தீங்களா?"

"சட்டை அழுக்காயிடுமே."

"கம்பளத்தைத் தூக்கிப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் வண்டி தெரியாதவங்க பண்றது மேடம்."

"ஓட்டியாவது பாத்தீங்களா?"

"எனக்கு லைசென்ஸ் கிடையாது."

அதிகாரியம்மாள் பேனாவை வைத்துவிட்டுக் கடைக்காரரைப் பார்த்தார். "இந்த வண்டியை யாருமே சோதிக்கல. நனையாததுன்னு நீங்க எழுதிக் குடுத்ததை நம்பித்தான் வாங்கியிருக்காங்க. எடுத்துக்கிட்டுப் பணத்தைத் திருப்பிக் குடுங்க."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை தன் வாயால் அக்காள் மகளைக் காப்பாற்றிவிட்டது. தங்கை வாசலுக்கு வந்துதான் மூச்சே விட்டாள். மாமாவுக்கோ கால் தரையில் பாவவில்லை. "பாத்தியா? நான் வாயைத் திறந்தேன், கேஸ் முடிஞ்சுது" என்றார். வாசலில் அதிகாரியம்மாளின் கார் நின்றிருந்தது. போகிற போக்கில் அதன் டயரையும் ஓர் உதை விட்டு, "காத்து கம்மியா இருக்கு" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பெல்ட்டிலிருந்து சேறு வந்ததைப் படித்தபோது, 'நான் போயிருந்தால் அதைத்தான் முதலில் இழுத்துப் பார்த்திருப்பேன்' என்று ஒரு கணம் நினைத்தீர்களே, அதை நான் கவனித்தேன். என் தங்கை அடுத்த வாரம் வேறு வண்டி பார்க்கப் போகிறாள். எங்கே, எந்தக் கிழமை என்று உங்களிடம் சொல்வதாக இல்லை.