கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓர் உல்லாசப் பயணம்

வாசகர்களே, இன்று உங்களுக்கு ஓர் அப்பாவை அறிமுகம் செய்து வைக்கிறேன். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டதும் தலைகாட்டும் இனம் இது. மற்ற நாட்களில் நம்மைப் போலவே குளிக்கும், சாப்பிடும், வேலைக்குப் போகும். யாருக்கும் சந்தேகமே வராது. விடுமுறை நெருங்கியதும் மட்டும் கைகளைத் தேய்த்துக்கொண்டு, மனைவி மக்களை வரிசையாக உட்கார வைத்து, "என்ன, வழக்கம்போல ஏரிக்குத்தானே?" என்று கேட்கும். பார்த்தால் கேள்வி மாதிரி இருக்கும். கேள்வி இல்லை. வண்டிக்குக் காற்று அடித்தாகிவிட்டது.

இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் வழக்கப்படியார்.

வழக்கப்படியாருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளர் வேலை. அங்கே போய் இவரைப் பார்த்தால் நான் சொல்வதை நம்பமாட்டீர்கள். புதிதாக வந்த பையன் யாராவது, "வழக்கமா இப்படித்தான் சார் முடுக்குவோம்" என்று ஸ்பானரைக் கையில் எடுத்துவிட்டால் போதும், மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "வழக்கம், வழக்கம்! ஏன்னு யோசிக்கவே மாட்டீங்களாய்யா?" என்று எட்டாவது மாடி வரை கேட்கிற மாதிரி கத்துவார். அதே வாய்தான் வீட்டுக்கு வந்து, ஏரிக்குப் போகும் வழியில் எந்தக் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டும், அந்தக் கடை மூடியிருந்தால் எவ்வளவு நேரம் அதன் வாசலில் காத்திருக்க வேண்டும் என்றெல்லாம் சட்டம் பேசும்.

நமக்கெல்லாம் ஒரு காரியம் வழக்கமாவதற்குக் கொஞ்ச காலம் பிடிக்கும். இவருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஒரு தடவை நடந்தால் போதும். நல்லதாக நடந்திருக்க வேண்டும் என்றுகூட அவசியம் இல்லை.

முதல் ஏரிப் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று அவருடைய மனைவி இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். மூத்தவள் சின்னக் குழந்தை. துணைக்கு மனைவியின் தம்பியும் வந்திருந்தான். வழக்கப்படியார் (அப்போது அவரிடம் ஒரு வழக்கமும் இல்லை, பாவம்) பேச்சு சுவாரசியத்தில் திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, செங்கல் சூளைப் பக்கமாகப் போய், புழுதி குடித்து, ஊரைச் சுற்றி வந்தார். மலை ஏறுகிற வளைவு ஒன்றில் மைத்துனனுக்கு வயிறு புரட்டி, இறங்கி ஓடிப்போய் ஓரமாக வாந்தி எடுத்தான். ஒருவழியாக ஏரிக்குப் போய்ச் சேர்ந்தால், வானம் கிழிந்த மாதிரி மழை. ரொட்டி வெட்டக் கத்தி எடுத்து வர மறந்துபோயிருந்தது. கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ரொட்டியைக் கையால் பிய்த்து, வேகவைத்த முட்டையோடு ஆளுக்கு ஒரு துண்டு தின்றுவிட்டு, ஏரியில் கால்கூட வைக்காமல் வீடு திரும்பினார்கள்.

நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? அடுத்த வருஷம் வானிலை பார்த்து, வழி கேட்டு, கத்தியோடு கிளம்பியிருப்போம். வழக்கப்படியார் என்ன செய்தார்? செங்கல் சூளை வழியாகவே போனார்.

அன்றிலிருந்து இன்றுவரை சூளை வழிதான். நல்ல தார்ச்சாலை போட்டு, அம்புக்குறி வைத்து, பலகையும் நட்டிருக்கிறார்கள். பலகையைப் பார்த்ததும் எதிர்த் திசையில் திருப்புவார். கத்தி எடுத்து வரக் கூடாது. மனைவி முன்சீட்டை நன்றாகப் பின்னால் தள்ளித்தான் உட்கார வேண்டும். அன்று பிள்ளைத்தாய்ச்சி, அதனால் தள்ளியிருந்தது. வயிற்றில் இருந்த பிள்ளை வெளியே வந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் சேர்ந்து, இப்போது அதே சீட்டுக்குப் பின்னால் முழங்கால் மடங்கி நசுங்கிக்கொண்டு வருகிறான். "டேய், அன்னைக்கு என்னா மழை! உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று அவனையே கேட்பார். "இருக்குப்பா" என்பான் அவன். இல்லை என்றால் கதை முதலிலிருந்து வரும் என்று அவனுக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு. ஏரிக்கரையில் எப்பேர்ப்பட்ட வெயில் அடித்தாலும், புல்தரை இருந்தாலும், நிழலில் பெஞ்சு காலியாகக் கிடந்தாலும், சாப்பாடு காருக்குள்தான். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத்தான்.

கேலி செய்கிறேனே தவிர, எனக்கும் ஒன்று தெரியும். விடுமுறை நாளாகப் பார்த்துத்தான் ஊரில் உள்ள லிஃப்டுகள் நின்றுபோகும். வீட்டில் இலை போட்ட நேரத்தில் போன் வரும், சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார். அந்த மழை நாளில் மட்டும் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. எல்லாருடைய மூச்சும் பட்டுப் புகை படிந்த மாதிரி பனித்துக் கிடந்த கண்ணாடியில் மூத்தவள் விரலால் ஒரு மீன் வரைந்தாள். அதற்கு வால் வரையத் தெரியாமல் இரண்டு கை வரைந்துவிட்டாள். அதைப் பார்த்து நான்கு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நேரம், எல்லாரும் ஒன்றாக இருந்த நாள் அவருக்கு அது ஒன்றுதான். அதை விட்டுவிடப் பயம். எதைச் செய்ததால் அந்த நாள் அப்படி அமைந்தது என்று தெரியாததால், எல்லாவற்றையும் செய்கிறார். வாந்தி உட்பட.

இந்த வருஷம் கிளம்புவதற்கு முன்னால் மூத்தவள் வந்து அவர் முன்னால் நின்றாள்.

"அப்பா, இந்தத் தடவையாவது தண்ணில கால் நனைக்கலாமாப்பா?"

நினைத்துப் பாருங்கள். வருஷா வருஷம் ஏரிக்குப் போகிற பெண். வகுப்பில் ஏரியைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பாராட்டு வாங்கிய பெண். ஏரியைக் கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்திருக்கிறாள்.

"பாக்கலாம்" என்றார் வழக்கப்படியார். அப்பாக்கள் "பாக்கலாம்" என்றால் என்ன பொருள் என்று பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முட்டையை உரித்துக்கொண்டிருந்தார்.

கிளம்பினார்கள். சூளைப் புழுதி குடித்தார்கள். மலை வளைவில் வண்டி நின்றது. எல்லாரும் இறங்கி, மைத்துனன் வாந்தி எடுத்த இடத்தில் மரியாதையாக நின்றார்கள். மைத்துனனுக்கு இப்போது வேறு ஊரில் வேலை, வர முடியாது. அதனால் என்ன, போன் இருக்கிறதே?

"மச்சான், நாங்க இப்ப எங்க நிக்கிறோம்னு சொல்லு பாப்போம்!"

"மாமா, மீட்டிங்ல இருக்கேன்."

"சும்மா சொல்லு."

"நான் வாந்தி எடுத்த எடத்துல" என்று அவன் தணிந்த குரலில் சொன்னான். மீட்டிங்கில் இருந்த மற்றவர்கள் என்ன நினைத்தார்களோ, எனக்குத் தெரியாது.

ஏரிக்கரையில் அன்று திருவிழாக் கூட்டம். காற்று சிலுசிலுவென்று வீசியது. பிள்ளைகள் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குடும்பம் பெரிய ஜமுக்காளம் விரித்து, மூன்று தலைமுறையும் கால் நீட்டிப் படுத்திருந்தது. நம்மவர் வண்டியைத் தண்ணீர் பக்கவாட்டில் தெரிகிற மாதிரி கரையோரமாக நிறுத்தினார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், நான்கு கண்ணாடிகளையும் ஏற்றினார்.

"ம், பிரிங்க."

ரொட்டி பிய்க்கப்பட்டது. வெளியே காற்று, உள்ளே முட்டை வாசனை. மூத்தவள் தன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்டும்மா. அப்புறம் மீன் வரையணும்ல?"

"கண்ணாடி காஞ்சு கெடக்குப்பா. எதுல வரையறது?"

நியாயமான கேள்வி. வெயிலில் கண்ணாடி எப்படிப் பனிக்கும்? நாமாக இருந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டிருப்போம். வழக்கப்படியார் தொழில்நுட்பம் தெரிந்தவர். "எல்லாரும் ஊதுங்க" என்றார்.

ஊதினார்கள். அவர் டிரைவர் சீட்டிலிருந்து ஊதினார். சின்னவன் ரொட்டித் துணுக்கோடு சேர்த்து ஊதினான். "இன்னும் கொஞ்சம், வாயைப் பெரிசாத் தொறந்து, ஹா, ஹான்னு" என்று அவர் ஊக்கம் கொடுக்கக் கொடுக்க, மூத்தவள் ஊதிக்கொண்டே இருந்தாள். ஊதிய முகம் அப்படியே கோணி, உதடு பிதுங்கி, சத்தம் வராமல் அழ ஆரம்பித்தது. அவர் பார்க்கவில்லை. அவருடைய பக்கக் கண்ணாடியில் லேசாக ஒரு வட்டம் பனித்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் இருந்தார்.

அம்மா பார்த்தார்.

அப்போதுதான் வண்டி குலுங்கியது. ஒரு தடவை. மறுபடியும். முட்டை உருண்டு பெடல் பக்கம் போனது.

திரும்பிப் பார்த்தால், ஜமுக்காளக் குடும்பத்து ஆண்கள் மூன்று பேர் வேட்டியையும் பேன்ட்டையும் மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியின் பின்பக்கத்தில் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மீசைக்காரர் ஒருவர் முன்னால் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"சார், பிரேக்க எடுங்க! அப்ப புடிச்சுப் பாக்குறோம், ஸ்டார்ட் ஆகாம உள்ள உக்காந்துக்கிட்டு எல்லாரும் ஹா ஹான்னு திணறிக்கிட்டு இருக்கீங்க. கண்ணாடியும் எறங்கலையா?"

வழக்கப்படியார் கண்ணாடியை இறக்கினார். "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. வண்டி நல்லாத்தான் இருக்கு. நாங்க வழக்கமா..."

"ரிப்பேர்தாங்க" என்றார் மனைவி.

வழக்கப்படியார் திரும்பினார். திருமணமான நாளிலிருந்து அவர் மனைவி வெளி ஆளிடம் பொய் சொல்லி அவர் கேட்டதில்லை.

"நல்ல நேரத்துல வந்தீங்கண்ணே. இவருக்கு வண்டிய விட்டு எறங்க மனசில்ல" என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தார். "பிள்ளைகளா, எறங்குங்க. மாமாங்க தள்ளணும், பாரமா இருக்கக் கூடாது. தள்ளி நில்லுங்க. இன்னும் தள்ளி. அந்தத் தண்ணிக்கிட்ட போய் நில்லுங்க."

இரண்டும் பறந்தன.

நம்மவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மனைவி பொய் சொன்னார் என்று மூன்று அந்நியர்களிடம் சொல்ல முடியுமா? வாயை மூடிக்கொண்டு பானட்டைத் திறந்தார். ஒரு குறையும் இல்லாத எஞ்சினை நான்கு ஆண்களும் சுற்றி நின்று, குனிந்து, ஆளுக்கொரு அபிப்பிராயம் சொன்னார்கள். பேட்டரி என்றார் ஒருவர். பெட்ரோலில் தண்ணீர் என்றார் இன்னொருவர். லிஃப்ட் கம்பெனி மேற்பார்வையாளர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

"அப்பா!"

நிமிர்ந்தார். மூத்தவள் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர்க் கறை இன்னும் காயவில்லை. அதோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கால கடிக்குதுப்பா! சின்னச் சின்ன மீன்! வாங்கப்பா, சீக்கிரம் வாங்க!"

பானட்டை அப்படியே விட்டுவிட்டுப் போனார். பேன்ட்டைச் சுருட்ட நினைத்து, பாதியில் மறந்து, நனைந்தபடியே இறங்கினார். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். மீன்கள் வந்து அவர் விரலையும் கொத்தின. கூச்சத்தில் அவர் ஒரு துள்ளுத் துள்ளியதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்த மழை நாளில்கூட அவள் அப்படிச் சிரிக்கவில்லை. அவருக்கே அது தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது; அதைவிடக் கொஞ்சம் அதிகமாக வெட்கமாகவும் இருந்தது. இத்தனை வருஷமாகக் கதவுக்கு வெளியேதான் இது கிடந்தது, கதவைத் திறக்காதவர் அவர்தான். மனைவியைத் தேடிப் பார்த்தார். ஜமுக்காளத்தில் அந்தக் குடும்பத்துப் பெண்களோடு உட்கார்ந்து, கால் நீட்டி, யாரோ கொடுத்த ஆரஞ்சை அவர் உரித்துக்கொண்டிருந்தார்.

ஆள் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வெயில் தாழ்ந்து எல்லாரும் கிளம்பும்போது, சொட்டச் சொட்ட நனைந்த பேன்ட்டோடு வழக்கப்படியார் மீசைக்காரரிடம் போய், அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றிங்க. நீங்க அடுத்த வருஷமும் வருவீங்கல்ல?"

"வரலாம் சார். ஏன்?"

"இதே நாள், இதே எடம். நாங்க உள்ள உக்காந்திருப்போம். நீங்க மூணு பேரும் பின்னாடி வந்து தள்ளணும். பிள்ளைக அழுதுக்கிட்டு இருக்கும்போது தள்ளுங்க, அப்பதான் சரியா வரும்."

மீசைக்காரர் வழக்கப்படியாரின் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் வானத்தைப் பார்த்தார்.

நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. 'நல்லவேளை, நான் இப்படி இல்லை' என்கிறீர்கள். இருக்கலாம். ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். அடுத்த விடுமுறைக்கு உங்கள் பிள்ளை, "இந்தத் தடவை வேற எங்கயாவது போலாமா?" என்று கேட்கும். நீங்கள், "அதெப்படி, நாம எப்பவும்..." என்று ஆரம்பிப்பீர்கள். அந்த நேரத்தில் சமையலறையில் யாரோ ஒரு பாத்திரத்தைக் கொஞ்சம் வேகமாகக் கீழே வைத்தால், பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே இருப்பவருக்கும் பொய் சொல்லத் தெரியும்.