பெஞ்சுக்கு வந்த கெட்ட ரத்தம்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு கோடையில் பொழிச்சலூர்க் கோயில்களில் கூட்டம் குறைந்துவிட்டது. எல்லாரும் ஏகநாத சாமியின் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். வீங்கிய மூட்டில் சாமி மஞ்சளைப் பூசுவார். செம்பிலிருந்து தீர்த்தம் தெளிப்பார். மஞ்சள் சிவந்து வழியும். "செய்வினை ரத்தம் வெளிய வந்துடுச்சி" என்பார். தோலில் ஒரு கீறல் இருக்காது. அதுதான் மகிமையாம்.

ரவிக்கை தைத்துப் பிழைக்கும் சாவித்ரிக்கு விரல் மூட்டுகள் வீங்கி, கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கியிருந்தார். கிருமி நுழைந்தால் உடம்பின் அணுக்கள் ஒரு புரதத்தைச் சுரந்து மற்ற அணுக்களுக்குச் சேதி அனுப்பும். அவை ஓடிவந்து சண்டை போடும். இவளுக்குக் கிருமியே இல்லை. சேதி மட்டும் ஓயவில்லை. வந்த அணுக்கள் சொந்த மூட்டையே அரிக்கின்றன. மாத்திரையை விட்டால் விரல் கோணிவிடும், பிறகு நிமிராது.

சாமி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள். வீக்கம் ஏறியது.

"வச்சவன் பெரிய ஆளு" என்றார் சாமி.

அடுத்த முறை, அவளுக்குக் கொக்கி தைத்துக் கொடுக்கும் பக்கத்து வீட்டுத் தபீதாளும் கூடப் போனாள். முன்னால் இருந்தவளின் முழங்கால் சிவந்து வழிவதை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாக்கா, இந்தச் செகப்பு எங்கயோ பாத்த மாதிரி கீதே?"

"சும்மா இருடி. சாமி காதுல வுழப்போவுது."

முறை வந்தது. தபீதாள் சாமியின் கிண்ணத்து மஞ்சளை வழித்து, சாவித்ரி உட்கார்ந்திருந்த பெஞ்சின் காலில் பூசினாள்.

"சாமி, இதுக்கும் கொஞ்சம் தெளிங்க. ரொம்ப நாளா ஆடிகினு கீது."

சாமி செம்பை மெல்லப் பின்னுக்கு இழுத்தார். சாவித்ரி அவரையே பார்த்தாள். பிறகு வீங்கிய கையால் செம்பைச் சாய்த்தாள். பெஞ்சு ரத்தம் கக்கியது.

"மரத்துக்கு யாரு சாமி செய்வினை வச்சது?" என்றாள் தபீதாள்.

"சுண்ணாம்புத் தண்ணி" என்றாள் சாவித்ரி. "ஆரத்திக்குக் கலக்குறது."

ஆரத்தி கரைக்காத பெண் அந்த வரிசையில் ஒருத்திகூட இல்லை. மாப்பிள்ளை வந்தால் மஞ்சளில் சுண்ணாம்பைப் போட்டுச் சிவக்க வைக்கும் கைகள்தான் இங்கே கும்பிட்டு நின்றன.

சாமி பின்பக்கமாகப் போனவர் திரும்பவில்லை. "சாமி நல்லவருதான், செம்புதான் சரியில்ல" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே நடந்தார்.

சாவித்ரி மறுபடி மாத்திரை விழுங்குகிறாள், தைக்கிறாள். ஒரு விரல் மட்டும் நிமிரவில்லை.

எதிரி வந்துவிட்டான் என்று சேதி கேட்டதும், எங்கே எதிரி என்று பாராமல் அவள் விரலுக்குள் அணுக்கள் கூடிவிட்டன. பாவம், அவற்றுக்கு மூளை கிடையாது. கொட்டகையில் கூடியவர்களுக்கு?