பிச்சாவரம் போகாத வேன்

ராஜாங்கம் குடும்பத்தோடு போன கடைசிப் பயணம் அதுதான் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் யாருக்கும் தெரியாது. குவார்ட்டர்ஸ் வாசலில் வேன் வந்து நின்றது. மகன் அறிவழகன் விமானக் கையேட்டை இடுக்கிக்கொண்டு வெளியே வந்து, "இது யாரோட ஐடியா?" என்றான்.

"என்னுதுதான். பிச்சாவரம் போறோம். ஏறு."

செவ்வாய்க்கிழமை அவனுக்கு சிமுலேட்டர் தேர்வு. விமானி அறையைப் போலவே இருக்கும் அந்த இயந்திரத்தில், பரீட்சை அதிகாரி நினைத்த நேரத்தில் இன்ஜினை அணைத்துவிடுவார். போன தடவை அப்படி அணைந்தபோது அறிவழகன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கை ரொம்பத் தாமதம் என்று எழுதிவிட்டார்கள். இன்னொரு முறை தவறினால் விமானக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிடும். நிம்மதியாகப் படிக்கலாம் என்றுதான் நெய்வேலிக்கு வந்திருந்தான். வந்ததிலிருந்து அவன் அறையில் விளக்கு அணையவில்லை.

"அப்பா, நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க."

"நீ வரலன்னா வேன் எதுக்கு?" என்றார் ராஜாங்கம்.

இதில் என்ன நியாயம் என்று அவனுக்குப் புரியவில்லை. அம்மா திலகவதி புளிசாதத் தூக்கை அவன் கையில் கொடுத்து ஏற்றிவிட்டாள். மைன்ஸில் முப்பது வருஷம் மேஸ்திரிகளை மேய்த்த மனிதரிடம் வாதாடி ஜெயித்தவர்கள் அந்த வீட்டில் யாருமில்லை.

பின் சீட்டு முழுவதும் தனக்கு, யாரும் பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு அவன் உட்கார்ந்தான். வடலூர் வருவதற்குள் எழுத்துகள் நீந்த ஆரம்பித்தன. குமட்டிக்கொண்டு வந்தது. தங்கை சத்யப்பிரியா பரிதாபப்பட்டுப் புத்தகத்தை வாங்கிக் கேள்வி கேட்டாள்.

"டேக் ஆஃப் ஆன உடனே இன்ஜின்ல தீ. என்ன பண்ணுவ?"

அவன் வரிசையாகச் சொன்னான். ஒவ்வொரு வரி முடிந்ததும் திலகவதி, "அப்புறம் பொழச்சிக்குவாங்களா?" என்று கேட்டாள். இறக்கைத் தீ முடிந்து சக்கரம் கழன்ற இடத்துக்கு வந்தபோது அவள் பொறுக்கமாட்டாமல் புத்தகத்தைப் பிடுங்கி மடியில் வைத்து அதன்மேல் புளிசாதத் தூக்கை ஏற்றினாள். அட்டையில் எண்ணெய் இறங்கியது.

"வெளிய கெளம்பி வந்த நேரத்துல தீ, தீன்னுகினு. சும்மா வா."

சரி, டீ குடித்துவிட்டு மனதுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தான். சேத்தியாத்தோப்பில் நிறுத்தச் சொன்னான். அந்தக் கடைப் பால் சரியில்லை என்றார் அப்பா. அடுத்த கடையில் கூட்டம். அதற்கடுத்த கடைக்காரரை அவருக்குப் பிடிக்காது. சேத்தியாத்தோப்பில் அவருக்கு ஆகாத டீக்கடைகள் இத்தனை இருப்பது அன்றுதான் குடும்பத்துக்குத் தெரிந்தது.

புவனகிரிப் பக்கம் போகவேண்டிய வேன் வேறு பக்கம் திரும்பியது.

"அண்ணே, பிச்சாவரம் அந்தப் பக்கம்" என்றான் அறிவழகன்.

டிரைவர் பாவாடை ஓரக்கண்ணால் பக்கத்து சீட்டு ராஜாங்கத்தைப் பார்த்தார். பிறகு, அங்கே ரோடு வெட்டிப் போட்டிருப்பதாகச் சொன்னார்.

வீராணம் ஏரி இடப்பக்கம் வந்தது. இறங்கி ஒரு போட்டோ எடுக்கலாமா என்று கேட்ட சத்யப்பிரியாவை, ஓடுகிற வண்டியிலிருந்தே எடுக்கச் சொன்னார் அப்பா. எடுத்தாள். அதில் ஏரி தவிர மற்றதெல்லாம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம் ஏரி வந்தது.

"இது வேற ஏரியா?" என்றாள் திலகவதி.

"அதே ஏரிதாம்மா. திரும்பி வந்துகினு இருக்கோம்" என்றாள் சத்யப்பிரியா.

அறிவழகனுக்குக் கோபம் தலைக்கேறியது. இப்படி வழி தெரியாமல் ஒருவன் விமானம் ஓட்டினால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்றான். ஒரு நாள் போச்சு என்றான். பரீட்சையில் தவறினால் அதற்கு இந்த வேன்தான் காரணம் என்றான். ராஜாங்கம் முன் சீட்டில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். கத்திக் கத்தி அலுத்துப்போய் அவன் ஜன்னலில் தலையைச் சாய்த்தான்.

கண்ணைத் திறந்தபோது வேன் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தது. வெயில் தாழ்ந்திருந்தது. கழுத்து வலித்தது.

"பிச்சாவரம்?"

"பாக்கல" என்றாள் அம்மா. "ஏரியத்தான் நாலஞ்சு தரம் பாத்தோம். புளிசாதத்தக்கூட ஓடுற வண்டியிலயே தின்னோம்."

அன்று இரவு அவன் அப்பாவோடு பேசவில்லை. செவ்வாய்க்கிழமை இன்ஜின் அணைந்ததும் அவன் யோசிப்பதற்கு முன்பே கை போய் வேலையைச் செய்துவிட்டது. தேறிவிட்டான். போனில், "நீங்க ஒரு நாளக் கெடுத்தும் பாஸ் பண்ணிட்டேன்" என்றான். "நல்லதுப்பா" என்று ராஜாங்கம் போனை அம்மாவிடம் கொடுத்தார். எதையுமே பார்க்காமல் திரும்பிய அந்தச் சுற்றுலாவைப் பற்றி அவன் பல ஊர் விமானிகளிடம் சொல்லிச் சிரித்தான். வீட்டில் சொன்னபோது ராஜாங்கமும் கூடச் சிரித்தார்.

அடுத்த ஐப்பசியில், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் டிரைவர் பாவாடை துக்கம் விசாரிக்க வந்தார். அம்மா வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதைப் பார்க்க அறிவழகனுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அம்மாவ ஒரு நாள் பிச்சாவரம் கூட்டிட்டுப் போகணும். இந்தத் தடவையாவது வழி தப்பாம ஓட்டுங்க" என்றான்.

பாவாடைக்கு முகம் சுருங்கிவிட்டது.

"வழி தப்பலீங்க தம்பி. நான் மைன்ஸ்க்கு ஷிப்ட் பஸ் ஓட்டுனவன். வூட்ல பொரண்டுகினே கெடக்குறவன்கூட நைட் ஷிப்ட் முடிச்சி என் பஸ்ல ஏறுனா தூங்கிடுவான்னு சாருக்குத் தெரியும். 'பிச்சாவரம்லாம் சும்மா பேச்சுக்கு, பாவாட. புள்ள கண்ணு மூடுற வரைக்கும் எங்கியும் நிறுத்தாத, மூடிட்டா பிரேக்கத் தொடாத'ன்னுதான் வேன் புடிச்சாரு."