ஆன்ஸ்லின் (வெளிநாடு)

"மூணாவது பிள்ளைக்க கையெழுத்து எங்க?" என்று கேட்டார் கிராம நிர்வாக அலுவலர் ஸ்மிதா.

ஷிபினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எந்த மூணாவது பிள்ளை? நானும் தங்கச்சி ஜாஸ்மியும்தான் மேடம்."

ஸ்மிதா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். திரையில் அவனுடைய அப்பா ரசலையன் கோட்டு போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் இறந்த அன்று ஜங்ஷனில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனர் அது. அடியில் பொடி எழுத்தில், 'மக்கள்: ஷிபின் (மஸ்கட்), ஜாஸ்மி (பெங்களூரு), ஆன்ஸ்லின் (வெளிநாடு)'.

"புதுச் சட்டப்படி ஊரறிஞ்ச வாரிசு எல்லாரையும் ஏத்தணும் தம்பி. நம்ம பக்கத்துல பேனரைவிட ஊரறிஞ்சது என்ன உண்டு? போட்டோ எடுத்து ஏத்திட்டேன்."

இறந்தவர் சொத்தை முப்பதே நாளில் பங்கு வைக்கச் சொல்லும் அந்தப் புதுச் சட்டத்தை ஷிபின் அளவுக்குக் கொண்டாடியவர் யாருமில்லை. அவனுக்கும் லீவு முப்பதே நாள்தான். பங்கு பிரித்து, வீட்டையும் ரப்பர் விளையையும் விற்று, அம்மா நேசம்மாளை நாகர்கோவிலில் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டு விமானம் ஏறிவிடலாம். வீட்டை வாங்க ஆள்கூடத் தயார். உயில் எழுதினால் பிள்ளைகள்மேல் நம்பிக்கை இல்லை என்று ஊர் பேசும் என்பதற்காக எழுதாமலே போன அப்பாவை அவன் மனதார வாழ்த்தியிருந்தான்.

"லிஃப்ட் உண்டும்மா, ஏசி உண்டு" என்று அம்மாவிடம் சொல்லியாயிற்று.

"கெணறு உண்டுமா?" என்று மட்டும் கேட்டாள் நேசம்மாள். அவளுக்கு அந்த வீட்டை விட்டுப் போக மனசே இல்லை. பாவம், அதை யார் கேட்டார்கள்?

"பேனர் கடைக்காரன் தப்பா அடிச்சிருக்கான். அந்தப் பேரை எடுத்துருங்க மேடம்."

"ஏத்தத்தான் எனக்குப் பட்டன் தந்திருக்கு. எடுக்கணும்னா அந்த ஆளு வந்து கையெழுத்துப் போடணும்."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்தான். "யாரும்மா இந்த ஆன்ஸ்லின்?"

"எனக்கென்ன தெரியும் மக்கா? நான் பெத்தது ரெண்டு. ஆஸ்பத்திரியில எண்ணித்தான் தந்தாவ."

சரி, ஒரு ஆன்ஸ்லின்தானே வேண்டும்? குமரி மாவட்டத்தில் ஆன்ஸ்லினுக்கா பஞ்சம்! சர்ச்சில் பாட்டுப் பாடும் எலக்ட்ரீஷியன் ஆன்ஸ்லினுக்குப் புரோட்டாவும் பீஃபும் வாங்கிக் கொடுத்து, 'எனக்குப் பங்கு வேண்டாம்' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடினான்.

ஸ்மிதா முகம் மலர்ந்தது. "நல்லது. ஆன்ஸ்லின்னு ஒரு வாரிசு உண்டுன்னு நீங்களே ஒத்துக்கிட்டாச்சு. இனி அவருக்க ஞானஸ்நான சர்டிபிகேட் கொண்டாங்க."

கொண்டு போனான். அதில் தகப்பன் பெயர் தங்கையன் என்றிருந்தது.

"இது வேற ஆன்ஸ்லின்லா! அப்போ நம்ம ஆன்ஸ்லின் எங்க?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அறிவிப்புக் கொடுத்தான். 'மறைந்த ரசலையனுக்கு ஆன்ஸ்லின் என்று மகன் கிடையாது.' அதுவரை பேனரில் படத்தை மட்டும் பார்த்த ஊர், ஆராதனை முடிந்த கையோடு எழுத்தையும் போய்ப் படித்தது.

"எடே, உனக்க அப்பா பெரிய ஆளுதான்!" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை மூன்று ஆன்ஸ்லின்கள் பங்கு கேட்டு ஸ்மிதாவின் ஆபீசுக்கு வந்தார்கள். அதில் ஒருவருக்கு ரசலையனைவிட இரண்டு வயது அதிகம். பட்டன் இருக்கிறதே, ஸ்மிதா மூவரையும் ஏற்றினார்.

"மேடம், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்! எங்கப்பாக்கு இப்போ ஆறு மக்கள்!"

"விசாரிக்க நோட்டீஸ் விட்டாச்சு. வெளிநாட்டு ஆன்ஸ்லினுக்கு மட்டும் எந்த நாடுன்னு தெரியல்ல."

முப்பதாம் நாள் உத்தரவு வந்தது. வாரிசு முழுவதும் தெரியாததால் பங்கு நிறுத்தி வைக்கப்படுகிறது. எல்லா வாரிசும் ஆஜராகும்வரை வீட்டில் குடியிருக்கும் மனைவியை யாரும் அப்புறப்படுத்தக் கூடாது. நேசம்மாள் அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு கிணற்றில் ஒரு வாளி இறைத்து, மகனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட் போகிற வழியில், ஜங்ஷனில் காரை நிறுத்தினான் ஷிபின். பேனர் கடை சுயம்புராஜை நாலு கேள்வி கேட்காமல் விமானம் ஏற அவனுக்கு மனம் வரவில்லை.

"ஏம்வே, கண்ணு தெரியாதா? இல்லாத ஒருத்தனுக்க பேரை அடிச்சு எங்க குடும்பத்தையே நாசமாக்கிட்டீரே!"

சுயம்புராஜ் கோபப்படவில்லை. மேசை டிராயரைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். அப்பாவின் கையெழுத்து.

"புதுச் சட்டம் பேப்பர்ல வந்த அன்னைக்கே அண்ணாச்சி வந்து, தனக்க பேனருக்குத் தானே எழுதித் தந்துட்டுப் போனாரு மக்கா. 'எதை விட்டாலும் மூணாவது பேரை விட்டுராத கேட்டியா, நேசம்மாளை வச்சுக் காப்பாத்தப் போற பிள்ளை அவனாக்கும்'னு சொன்னாரு."