மைனஸ் எண்பதுக்கு ஆயுத பூஜை

மதிப்பிற்குரிய பரந்தாமன் மாமாவுக்கு,

நசரத்பேட்டையிலிருந்து மைத்துனன் அரவிந்தன் வணக்கம் சொல்லி எழுதுவது. நானும் ஹேமாவதியும் நலம். உங்கள் நலமும் அனுசுயா அக்காவின் முழங்கால் நலமும் அறிய ஆவல் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். உண்மையில் எனக்கு ஒரு நலமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில், "உத்தமன வேலைய வுட்டு நிறுத்திட்டியாமே, அவன் இன்னாடா தப்பு பண்ணான்?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். அப்புறம் ஒன்பது தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். என் மாணவி விஜிக்குப் பட்டாபிராமில் உங்களுக்கு அடுத்த தெரு, அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். இதையாவது பாதியில் வைக்காமல் படியுங்கள்.

முதலில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதே உங்களுக்குத் தெரியாது. பதினோரு வருஷமாகத் தெரியாது. கல்யாண வீடுகளில் "மச்சான் மருந்து காலேஜுல பெரிய ஆளா கீறாரு" என்று சொல்லிவைப்பீர்கள், உடனே பத்துப் பேர் மூட்டுவலிக்கு மாத்திரை கேட்டு வரிசையில் நிற்பார்கள். மாமா, நான் நடத்துவது மருந்துமரபணுவியல் எம்.எஸ்ஸி. ஒரே சாம்பாரைச் சாப்பிட்டு உங்களுக்கு ஏப்பம் வருகிறது, எனக்கு நெஞ்சு எரிகிறது இல்லையா, அந்த மாதிரி ஒரே மாத்திரை ஒருவருக்குக் கேட்கிறது, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்பதில்லை. ஏன் என்பது பிறக்கும்போதே ரத்தத்தில் எழுதியிருக்கிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறோம். இருபது இடம், இந்த வருஷம் சேர்ந்தது ஆறு பேர், அதிலும் இரண்டு பேர் தீபாவளி வரைக்கும் தாங்குவார்களா தெரியாது. ஜூன் மாதம் முழுக்க அம்பத்தூர்க் கல்யாண மண்டபத்தில் கல்விக் கண்காட்சி ஸ்டாலில் நின்று துணிப்பை கொடுத்தேன் மாமா, இந்த வயதில். ஒரு அம்மா பையை வாங்கிக்கொண்டு, "இத்த படிச்சா மெடிக்கல் ஷாப் வெக்கலாமா சார்?" என்றார். வைக்கலாம் என்று சொல்லச் சொல்லிப் பக்கத்தில் டீன் கண்ணைக் காட்டுகிறார். அடுத்த வருஷமும் ஆள் சேராவிட்டால், இல்லை, ஏதாவது கெட்டபேர் வந்தால், கோர்ஸை மூடிவிட்டு அந்த இடத்தில் ஃபேஷன் டிசைன் என்று நிர்வாகம் முடிவே செய்துவைத்திருக்கிறது.

துறைத்தலைவர் பதவி என்றால் ஆராய்ச்சி என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். ஆய்வகத்தில் ஒரு குழாயைக் கையில் எடுத்து நாலு வருஷம் ஆகிறது. கையெழுத்துதான் என் தொழில். வெளியிலிருந்து பரிசோதனைக் குழு வருகிறது என்று சொல்லிவிட்டால் போதும், குடிநீர்த் தொட்டி கழுவியதற்குக் கூட நான் கையெழுத்துப் போடவேண்டும். ஆயுத பூஜைக்கு முந்தின வியாழக்கிழமை ஒரே நாளில் அறுபத்தேழு காகிதம். மீட்டிங்கில் ஒரு காது, காகிதத்தில் ஒரு கை. இதற்கு நடுவில் ஆய்வக உதவியாள் உத்தமன் வேறு மூன்று தடவை கதவைத் திறந்து எட்டிப்பார்த்தான். பூஜைக்குக் கூப்பிட வந்திருப்பான், சுண்டலும் கையுமாக நிற்பான் என்று கையை ஆட்டி அனுப்பிவிட்டேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன், இன்னா தப்பு பண்ணான். சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஆய்வகத்தில் பீரோ உயரத்துக்கு ஒரு ஃப்ரீசர் இருக்கிறது, உள்ளே மைனஸ் எண்பது டிகிரி. ஆவடி, திருநின்றவூர், பூந்தமல்லி என்று வீடுவீடாகப் போய், இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற முந்நூற்று எண்பது பேரிடம் கெஞ்சி வாங்கிய ரத்தம் அதில்தான் இருந்தது. மூன்று வருஷ உழைப்பு, நாலு பிள்ளைகளின் படிப்பு. உங்கள் ரத்தமும் அதில்தான் மாமா, நூற்றுப்பதினாலாம் நம்பர். ஊசியைப் பார்த்து நீங்கள் போட்ட சத்தத்தில் விஜி பயந்தே போனாளே, அந்த ரத்தம். வியாழன் மதியம் நம் உத்தமன் எல்லா மிஷினையும் துடைத்து, பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, ஃப்ரீசருக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, பொரிகடலை படைத்து, கற்பூரம் காட்டி, கடைசியில் சுவிட்சை ஆஃப் பண்ணிவிட்டான்! வெள்ளி, சனி, ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை நான் கதவைத் திறந்தால் தரையெல்லாம் தண்ணீர், அதில் பொரி மிதக்கிறது. நான் அளக்கவேண்டியதை இனி அந்த ரத்தத்தில் அளக்கவே முடியாது.

அவன் வந்து நிற்கிறான், அழுதுவிடுகிற மாதிரி முகம். "வருசம் பூரா நிக்காம ஓடிக்கினு கீது சார். ஆனா நானா ஆஃப் பண்ல சார், ஆர்டர் வந்துச்சி" என்கிறான். "எந்த ஆர்டர்யா? சாமி வந்து ஆர்டர் போட்டுச்சா?" என்று கத்தினேன். "இல்ல சார், அந்தப் பேப்பரு பூஜைலதான் கீது, நான் எடுத்துக்கினு..." என்று ஏதோ உளற ஆரம்பித்தான். வெளியே போ என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கே பதிவாளர் அழகேசன் சாருக்குப் புகார் எழுதினேன், மறுநாள் இவனை நிறுத்திவைத்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை விசாரணை. அன்றைக்கு வேலை நிச்சயமாகப் போகும், போகவேண்டும் என்றுதான் நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். டேங்க் ஃபேக்டரியில் உங்களோடு வேலைபார்த்தவரின் மகன், நீங்கள் சொல்லித்தான் சேர்த்தேன். புயலில் காலேஜே முழங்கால் தண்ணீரில் நின்றபோது, நெமிலிச்சேரியிலிருந்து நடந்தே வந்து இரண்டு நாள் ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஃப்ரீசரைக் காப்பாற்றியவன். நான் மறுக்கவில்லை. அவனுக்கு இரண்டு பெண்கள் படிக்கிறார்கள், அதையும் மறுக்கவில்லை. ஆனால் படித்துப் படித்துச் சொன்னாலும் புரியாத ஆட்களை வைத்துக்கொண்டு நான் எப்படி மாமா ஒரு துறையை நடத்துவது? யாரோ செய்கிற தப்புக்கு நான் எத்தனை நாள்தான் பலியாவது? எனக்கு வெறுத்துவிட்டது. போங்க, நீங்கள் பேசினால் பேசுங்கள், பேசாவிட்டால் போங்கள்.

அக்காவைப் படி ஏறவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லவும். பேரன் பரத்துக்கு என் ஆசி. அவன் எது படித்தாலும் சரி, துறைத்தலைவராக மட்டும் ஆகவேண்டாம். பெரியவர்கள் எல்லாருக்கும் என் கும்பிடு.

இப்படிக்கு, கோபத்திலும் உங்கள் மேல் மரியாதை குறையாத,
அரவிந்தன்

பின்குறிப்பு: கடிதத்தை வாங்கிப்போக விஜி வந்தாள். வந்தவள் வாடிப்போன வாழைக்கன்றை அவிழ்த்துவிட்டு, சரஸ்வதி படத்துக்கு முன்னால் பூஜையில் வைத்த ஆய்வக நோட்டுக் கட்டையும் பிரித்து எடுத்துக்கொண்டு வந்தாள். பூஜையில் வைத்ததை மறுபூஜை போடாமல் தொடக்கூடாது என்று உத்தமன் விட்டிருக்கிறான். திங்கட்கிழமை போடுவதற்குள் நான் துரத்திவிட்டேன். நோட்டுக்கு மேலே ஒரு சுற்றறிக்கை. "பூஜை விடுமுறையில் ஆய்வகத்தின் எல்லா மின்சாதனங்களும் விதிவிலக்கின்றி அணைக்கப்படவேண்டும், தவறும் பணியாளர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்." கீழே என் கையெழுத்து. அறுபத்தேழில் ஒன்று. என் கையெழுத்துக்கும் பொட்டு வைத்திருக்கிறான் மாமா. நோட்டில் வியாழக்கிழமைப் பக்கத்தில், "சாரிடம் கேக்க போனேன், மீட்டிங். மறுபடி போனேன், மீட்டிங். மறுபடி, மீட்டிங். 3.40 ஆஃப்" என்று எழுதியிருக்கிறான்.

அழகேசன் சாரிடம் ஓடினேன். "அந்தப் பேப்பரை யாரும் பாக்கல சார், நீங்களும் பாக்கல. உங்க பேரு வந்தா கோர்ஸ் போயிடும். அவன் காண்ட்ராக்ட் ஆளுதானே?" என்றார். கொஞ்ச நேரம், ஆமாம் அதுவும் சரிதான் என்று நின்றேன். உங்களிடம் மறைக்கவில்லை. அப்புறம் திரும்பி வந்து, புகாரை வாபஸ் வாங்குகிறேன், தப்பு என்னுடையது என்று எழுதி, நாலு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். கோர்ஸ் போனால் போகட்டும்.

மேலே எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டவேண்டாம். காலையில் உத்தமன் வீட்டுக்குப் போகிறேன். எட்டு மணிக்கு நெமிலிச்சேரி ஸ்டேஷனில் நில்லுங்கள் மாமா, தனியாகப் போக எனக்கு முகமில்லை.