எட்டு ஊரில் மாப்பிள்ளை விசாரித்த விவரம்

இந்திரா நகர், நெய்வேலி
30.8.2016

அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய அக்கா மாணிக்கம்மாளுக்கு, தம்பி தனகோடி எழுதிக்கொள்வது. இங்கே நான், செங்கமலம், நந்தினி மூவரும் சுகம். என் இடது கால் செருப்பு மட்டும் கொல்கத்தாவில் தங்கிவிட்டது. அங்கே மாமாவும், முந்திரிக் கொல்லையும், கறவை மாடும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் "அக்கா" என்று வாய் திறப்பதற்குள் நீ "அது கெடக்குது, இதக் கேளு" என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

விஷயத்துக்கு வருகிறேன். நந்தினியை மாமாவின் அண்ணன் மகன் சுதாகருக்குக் கொடுப்பதா, அவள் பிடிவாதம் பிடிக்கிற மந்தாரக்குப்பம் இனியனுக்குக் கொடுப்பதா என்பதுதானே கேள்வி. சுதாகர் மைன்ஸில் பெர்மனென்ட். இனியன் பந்து உதைக்கிறவன். அதிலும் முன்னால் நின்று கோல் போடுகிற வேலையாம். பன்னிரண்டு வருஷத்தில் எட்டு ஊர், எட்டு கிளப். இப்போது முப்பத்திரண்டு வயசில், எந்தக் கிளப்பும் எடுக்காமல் இரண்டு மாதமாக அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். பையனை நான் நேரில் பார்த்ததில்லை. பேச்செல்லாம் அவன் அண்ணன் கார்முகிலோடுதான். நம் ஊரில் அப்ரண்டிஸாக ஒரு கேட்டுக்குள் நுழைந்தவன், கழுத்தில் மாலையோடு அதே கேட் வழியாகத்தான் ரிட்டயர் ஆகி வெளியே வருவான். நானோ டைம் ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் குந்திக்கினு, ஷிப்டுக்கு இரண்டு நிமிஷம் லேட்டாக வந்தவனையே கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தவன். எட்டு இடம் மாறினவனை எப்படிப் பார்ப்பேன் என்று உனக்கே தெரியும்.

"வேல பாக்கற எடத்துல போயி தீர விசாரிடா" என்று சொன்னது நீ. அதை நந்தினி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "அத்தை சொல்றது சரிப்பா. அவர் ஆடின ஊருக்கெல்லாம் போய்க் கேளுங்க. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், அவர் குணத்தப் பத்தித் தப்பாச் சொன்னாலும் நான் சுதாகருக்குக் கழுத்த நீட்டறேன்" என்றாள். ஊர் உலகத்தில் மாப்பிள்ளை விசாரிக்கப் போகிறவன் ஆபீஸ் வாசல் டீக்கடையோடு திரும்பிவிடுவான். எனக்குத்தான் பாரத தரிசனம் ஆயிற்று. யார் விசாரிப்பது என்று வெளியே தெரியக் கூடாது, அதுதானே முறை? அதனால் பெண்ணின் தகப்பன் என்று எங்கேயும் மூச்சு விடவில்லை. "வேற ஏதாவது ஞாபகம் வந்தா சொல்லுங்க" என்று போன் நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

முதலில் மலப்புறம். மைதானத்துக்கு எதிரே டீக்கடைக்காரர் இனியன் பெயரைக் கேட்டதுமே "மோசம்! மகா மோசம்!" என்றார். என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது, உடனே நோட்டை எடுத்து 'கெட்ட பெயர் - ஒன்று' என்று எழுதிவிட்டு விவரம் கேட்டால், ஏதோ ஒரு பைனலில் ஆள் இல்லாத கோலில் அடிக்கத் தெரியாமல் பலாமரத்தில் அடித்துவிட்டானாம், அந்தத் துக்கத்தில் இவர் மூன்று நாள் சோறு தின்னவில்லையாம், நாலாம் நாள் இனியனே மீன் வாங்கிக்கொண்டு வந்து சமைத்துப் போட்டானாம். எழுதினதை அடித்தேன். அங்கிருந்து கோவா. பாஷை தெரியாமல் முழித்துக்கினு நின்றபோது, ஓட்டலில் வேலை பார்க்கிற கலியன் என்கிற நம் பக்கத்துக் குள்ளஞ்சாவடிக்காரர் கிடைத்தார். அக்கா, நிலாவுக்குப் போனாலும் அங்கே குள்ளஞ்சாவடிக்காரன் ஒருத்தன் பரோட்டா போட்டுக்கினு இருப்பான். அவர் இனியன் குடியிருந்த வீட்டம்மாவிடம் கூட்டிப் போய், "பையன் குடிப்பானான்னு கேக்கறாரு" என்றார். "தினமும். காலையிலயே ஆரம்பிச்சுடுவான். என்னையும் பழக்கிட்டான்" என்றாள் அந்த அம்மாள். நான் நோட்டைத் திறக்கிறேன், அவள் உள்ளே போய் ஒரு சட்டியைக் கொண்டுவந்து வைக்கிறாள். கேழ்வரகுக் கூழ். தொட்டுக்கொள்ளக் கருவாடு வேறு. நம் ஊரில்கூட இப்போது அந்தப் பதத்தில் யாரும் காய்ச்சுவதில்லை. இரண்டு சொம்பு குடித்தேன்.

கொல்கத்தாவில்தான் செருப்பு போனது. அங்கே மைதானத்தில் உட்கார்ந்து, பழைய ரசிகர்கள் நாலு பேரிடம் இனியனைப் பற்றிக் கேட்டேன். நாலு பேரும் திட்டினார்கள் பார், அரை மணி நேரம். சோம்பேறி, குருடன், கால் இருக்க வேண்டிய இடத்தில் கட்டை இருக்கிறது என்று இந்தியில் சைகையோடு விளக்கினார்கள். சரி, வந்த காரியம் முடிந்தது என்று நானும் ஒத்து ஊதுவதற்காக, "ஆமாமா, உதவாக்கரைப் பையன்தான்" என்று கையை விரித்துக் காட்டினேன். அவ்வளவுதான். ஒருத்தன் சட்டையைப் பிடித்தான். "எங்க பையன நாங்க திட்டுவோம், நீ யார்யா?" என்கிற அர்த்தத்தில் நாலு பேரும் ஒரே குரலில் கேட்க, நான் படி இறங்கி ஓடிவந்துவிட்டேன். ஒற்றைச் செருப்போடு ஹௌரா பாலத்தைப் பார்த்தவன் நம் வம்சத்தில் நான் ஒருத்தன்தான்.

கடைசியாக ஷில்லாங். கொட்டுகிற மழை. கிளப் செக்ரட்டரி மரியாதையான மனுஷர். "யார் நீங்கள், எதற்கு விசாரிக்கிறீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார். பெண்ணின் தகப்பன் என்று சொல்லக் கூடாதே. "நெய்வேலியிலிருந்து வருகிறோம், இந்தப் பையனை எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை" என்று மட்டும் நானும் இங்கிலீஷில் சொல்லிவைத்தேன். உடனே எழுந்து நின்று கை கொடுத்தார், டீ வரவழைத்தார், பையனின் முழங்கால் எக்ஸ்ரேவைக்கூட எடுத்துக் காட்டினார். நம் பக்கத்தில் ஜாதகம் காட்டுவார்கள், மலை நாட்டில் எக்ஸ்ரே காட்டுவது வழக்கம் போலிருக்கிறது. வலது முழங்காலில் இரண்டு தடவை ஆபரேஷன். பிறகு அவர் மெதுவாக, "எத்தனை வருஷத்துக்கு எடுக்கிறதாக உத்தேசம்?" என்றார். எனக்கு வந்ததே கோபம். "இதென்ன சார் கேள்வி? ஆயுசுக்கும்தான்!" என்றேன். அந்த மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, என்னை வாசல் வரை குடை பிடித்துக் கொண்டுவந்து விட்டார்.

மீதி நாலில் இரண்டு கிளப்பை மூடிவிட்டார்களாம். ஒன்று மாலத்தீவில், கடல் தாண்ட வேண்டும். இன்னொன்று மலைமேல் இருக்கிற ஐஸ்வால், அதற்கு என் முதுகு சம்மதிக்கவில்லை. ஆக, என் முடிவைச் சொல்கிறேன். குணத்தில் குறை யாரும் சொல்லவில்லைதான். அதற்காக வேலையில்லாதவனுக்கு, அதுவும் ரிப்பேரான முழங்காலுக்கு, ஒற்றைப் பெண்ணைக் கொடுக்க முடியுமா? எட்டு இடம் அவனை வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறது, ஒன்பதாவதாக நான் மட்டும் என்ன இளிச்சவாயனா? நந்தினி இரண்டு நாளாகச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைக்கிறாள். அதைப் பார்த்து நானும் பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறேன். ஆனாலும் தகப்பன் என்றால் கொஞ்சம் கல்லாகத்தான் இருக்க வேண்டும். ஆவணி போனால் புரட்டாசி. எனவே சுதாகர் வீட்டாரை வருகிற ஞாயிற்றுக்கிழமையே பூ வைக்க வரச் சொல்.

மாமாவுக்கு என் வணக்கம். செங்கமலம் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். நீயும் மாமாவும் மாடு கன்றோடு நூறு வருஷம் நன்றாக இருந்து, எங்களை இதேபோல் அதட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் சொல் தட்டாத தம்பி
தனகோடி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ஒரு போன் வந்தது அக்கா. "சார் வணக்கம், நான் இனியன் பேசறங்க. ஷில்லாங் செக்ரட்டரிதான் உங்க நம்பர் குடுத்தாரு. எந்த கிளப்புன்னு தெரியல, ஆனா மூணு ஊர்லருந்து சொன்னாங்க, ஒரு பெரியவரு நோட்டு வச்சிக்கினு என்னப் பத்தி விசாரிச்சிக்கினு போறாருன்னு" என்கிறான். என்னை ஆள் எடுக்க வந்த கிளப்காரன் என்றே நினைத்துவிட்டான். நான் குறுக்கே பேச இடம் விடாமல் அவன் பேசிக்கொண்டே போகிறான். "ஆயுசுக்கும்னு சொன்னீங்களாமே, அது வேணாங்க. எக்ஸ்ரேல பாதிதான் தெரியும். மழ நாள்ல இந்தக் காலு மடங்கறதே இல்ல. இன்னும் ஒரு சீசன் தாங்கும், அதுக்கு மேல ஆடறன்னு சொன்னா உங்கள ஏமாத்தற மாதிரி. ஒரு வருஷம் மட்டும் குடுங்க சார். ஒரு எடத்துல கல்யாணப் பேச்சு நடக்குது. பொண்ணோட அப்பா டைம் ஆபீஸ்ல இருந்தவரு. வேல இல்லாம அவரு மூஞ்சில முழிக்க எனக்குக் கூச்சமா இருக்குதுங்க" என்றான்.

ஆயுசுக்கும் வேலை தருகிறேன் என்கிறவனிடம் என் கால் சரியில்லை என்று சொல்கிற ஆளை நான் இந்த அறுபத்தோரு வயசில் பார்த்ததில்லை அக்கா. எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான் கிளப்பு ஆள் இல்லப்பா. நந்தினியோட அப்பன்" என்றேன். அந்தப் பக்கம் போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

சுதாகர் வீட்டில் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. எட்டு கிளப்பும் இவனை எடுத்து எடுத்துக் கீழே விட்டுவிட்டார்கள். நான் விடுவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை இனியனுக்குத்தான் வெற்றிலை பாக்கு மாற்றுகிறோம். மாமாவைக் கூட்டிக்கினு சனிக்கிழமையே வந்துவிடு.