ஸ்டிக்கர் சாரும் இரண்டு பச்சைப் பொத்தான்களும்

பொருள்களைப் படைப்பவர்களில் ஓர் இனம் இருக்கிறது. இவர்கள் செய்த பொருளில் தவறே இருக்காது. தவறு முழுவதும் அதைத் தொடுகிறவர்களிடம்தான் இருக்கும். தள்ளித் திறக்க வேண்டிய கதவில் இழுப்பதற்கு வாகாக ஒரு கைப்பிடியை வைத்துவிட்டு, இழுத்துக்கொண்டு நிற்பவனைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள், மூடுகிற பக்கம் திருப்பினால் திறந்துகொள்கிற மாதிரி குழாயை அமைத்துவிட்டு, தலை நனைந்து வருகிறவனிடம் "பார்த்துத் திருப்பக் கூடாதா?" என்று கேட்பார்கள். பார்த்தால் தெரியாது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் இவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். எங்கே என்று இப்போது கேட்காதீர்கள்.

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார். என் தங்கையின் கணவர். துணி துவைக்கும் பெரிய இயந்திரங்களை வடிவமைக்கும் என்ஜினியர். படித்தவர், நல்லவர், யாரையும் கைநீட்டி அடித்தவரில்லை. அவர் வீட்டுக் கூடத்தில் ஒரே மாதிரியான பன்னிரண்டு சுவிட்சுகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. பார்வைக்கு லட்சணமாக இருக்கவேண்டும் என்று பக்கத்தில் நின்று போடச் சொன்னது அவரே. என் தங்கை கல்யாணமான நாளிலிருந்து ஒன்பது வருஷமாக மின்விசிறியைத் தேடி வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், மின்விசிறி சுவிட்சின் மேல் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். மாப்பிள்ளை சாயங்காலம் வந்ததும் வராததுமாகப் பிளேடை எடுத்து அதைச் சுரண்டினார்.

"எட்டாவது சுவிட்சுன்னு ஞாபகம் வச்சுக்கிட்டா முடிஞ்சது. இதுக்குப் போய் யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா?"

"எந்தப் பக்கத்துல இருந்து எட்டு?" என்றாள் தங்கை.

மாப்பிள்ளை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது அவர்கள் குடும்ப விவகாரம், நமக்கென்ன என்று நானும் இருந்திருப்பேன். ஆனால் நான் மேற்பார்வையாளனாக இருக்கும் சலவைக்கூடம் அவர் வடிவமைத்த இயந்திரத்தை வாங்கித் தொலைத்தது. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக விழுங்கித் துவைக்கிற ராட்சசன். அதன் நெற்றியில் இரண்டு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் அழுக்குத் தண்ணீர் குழாய் வழியாக வெளியே போகும். இன்னொன்றை அழுத்தினால் கதவு திறக்கும். முதலில் தண்ணீர், பிறகு கதவு. மாற்றி அழுத்தினால் தண்ணீர் கதவு வழியாகவே நம்மைப் பார்க்க வரும். இரண்டு பொத்தான்களும் ஒரே அளவு, ஒரே பச்சை. நடுவில் ஒரு விரல் இடைவெளி. அடியில் எறும்பு வரிசை போல எழுத்து.

அந்த இயந்திரத்தை ஓட்டுபவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். பத்தொன்பது வருஷ அனுபவம். "பழைய மெஷின்ல தண்ணிக்குக் காலால மிதிக்கணும், கதவைக் கையால இழுக்கணும். கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்" என்பார். புதியது வந்த மூன்று மாதத்தில் மூன்று முறை கூடம் குளமானது. மூன்று முறையும் மாப்பிள்ளை வந்தார். வந்து என்ன செய்தார் என்கிறீர்கள்? ஸ்டிக்கர் ஒட்டினார். முதல் வெள்ளத்துக்கு 'கவனம்'. இரண்டாவதுக்கு 'மிகவும் கவனம்'. மூன்றாவதுக்குப் பதினோரு வரியில் ஒரு கட்டுரை. உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்திருந்த கண்ணாடியில் பாதியை அது மறைத்தது.

"சார், உள்ள தண்ணி இருக்கறப்போ கதவு திறக்காத மாதிரி பண்ண முடியாதா?" என்று அக்கா ஒருமுறை கேட்டார்.

"தாராளமா முடியும். ஆனா அப்படிப் பண்ணிட்டா நீங்க கவனமா இருக்கக் கத்துக்கவே மாட்டீங்களேம்மா."

ஸ்டிக்கரோடு போனாலும் பரவாயில்லை. இந்த இனத்தார் கூடவே ஒரு படிவமும் கொண்டுவருவார்கள். விபத்து அறிக்கை. பொத்தானை அழுத்தியவர் யார் என்று மேலே ஒரு கோடு. காரணம் என்று கீழே நான்கு கட்டங்கள்: கவனக்குறைவு, அவசரம், பயிற்சியின்மை, தூக்கக் கலக்கம். ஏதாவது ஒன்றில் டிக் போட்டே ஆகவேண்டும். இயந்திரம் என்று ஒரு கட்டம் கிடையாது. இருந்தால் யாராவது டிக் போட்டுவிடுவார்களே! மூன்று படிவத்திலும் அக்கா பெயர் ஏறியது. ஒரே பெயரில் நான்கு படிவம் சேர்ந்தால் ஆளை வேலையை விட்டு எடுத்துவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அக்கா சம்பாதித்துத்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. அந்தப் படிவங்களை வைத்துப் பூட்டுகிற அலமாரியின் சாவி என்னிடம் இருந்தது. அதற்கு மேல் எனக்கு என்ன அதிகாரம்?

அக்கா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. காலி மருந்துப் பாட்டில் ஒன்றின் ரப்பர் மூடியைக் கழற்றி, தண்ணீர்ப் பொத்தானின் மேல் கச்சிதமாக மாட்டினார். மெத்தென்று இருந்தால் தண்ணீர், வழவழவென்று இருந்தால் கதவு. அவ்வளவுதான். மூன்று மாதம் ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஸ்டிக்கர்கள் வேலை செய்கின்றன என்று மாப்பிள்ளை தன் அலுவலகத்துக்கு எழுதினார்.

ஆறு மாதச் சோதனைக்கு அவர் வந்தபோது மேனேஜரும் கூட இருந்தார். ரப்பர் மூடியைக் கண்டதும் மாப்பிள்ளை முகம் சாப்பாட்டில் முடி கிடந்ததைப் பார்த்தவர் முகமானது. "அனுமதி இல்லாத மாற்றம்" என்று சொல்லி, இரண்டு விரலால் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"சார், அது ஒண்ணு மட்டும் இருக்கட்டும் சார்" என்றார் அக்கா. "அதை எடுத்தா நாலாவது படிவம் என்னிக்காவது வந்துடும். எனக்கு வேலை போயிடும்."

"இதுல கஷ்டமே இல்லம்மா. எழுதியிருக்கறதைப் படிச்சா போதும். நானே அழுத்திக் காட்டறேன், பாருங்க."

இயந்திரத்துக்குள் விரிப்புகள் நுரையோடு மிதந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளை தன் பதினோரு வரி ஸ்டிக்கரில் விரல் வைத்து, "பொத்தானை அழுத்தும் முன் அதன் பெயரை நிதானமாகப் படிக்கவும்" என்று கணீரென்று வாசித்தார். வாசித்துக்கொண்டே அழுத்தினார்.

கதவு திறந்தது.

தண்ணீர் முதலில் மாப்பிள்ளையின் தோல் செருப்பைக் கவனித்தது. பிறகு மேனேஜரின் முழங்கால் வரை விசாரித்தது. மூன்று முறை பழகிய வாய் அல்லவா, அக்காதான் முந்திக்கொண்டு, "மன்னிச்சிடுங்க சார்" என்றார்.

"பரவாயில்லம்மா" என்றார் மாப்பிள்ளை.

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. இந்த இனத்தார் மன்னிக்கும்போது மனதார மன்னிக்கிறார்கள்.

மேனேஜர் கால்சட்டையைப் பிழிந்துகொண்டே, "படிவம் எடுங்க" என்றார். நான் ஓடிப்போய் எடுத்துவந்தேன். அவ்வளவு வேகமாக அந்தக் கூடத்தில் நான் ஓடியதில்லை. மாப்பிள்ளை உட்கார்ந்தார். மேலே கோட்டில் தன் பெயரை எழுதினார். பேனா கவனக்குறைவுக்குப் போனது, நின்றது. அவசரத்துக்குப் போனது. பயிற்சியின்மையின் மேல் வட்டமிட்டது. தூக்கக் கலக்கம் என்றால் காலை பத்தரை மணிக்கு யார் நம்புவார்கள்? என்னை ஒருமுறை பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கால் மணி நேரம் கழித்து, நான்கு கட்டங்களுக்கும் கீழே பேனாவால் ஐந்தாவதாக ஒரு கட்டம் வரைந்து, பக்கத்தில் எழுதினார்: 'பொத்தான்கள் ஒரே மாதிரி இருக்கின்றன.' அதில் பெரிதாக ஒரு டிக்.

"அப்போ என்னோட மூணு படிவத்தையும் மாத்திடுவீங்களா சார்?" என்றார் அக்கா.

"அதெப்படிம்மா? அப்போ இந்தக் கட்டம் இல்லையே."

மேனேஜர் என்னைப் பார்த்துக் கை நீட்டினார். நான் அலமாரியைத் திறந்து மூன்று படிவங்களையும் கொடுத்தேன். அவர் ஈரக் கையோடு மூன்றிலும் ஐந்தாவது கட்டம் வரைந்து, டிக் போட்டு, பழைய டிக்குகளை அடித்துக் கையெழுத்திட்டார். அக்கா அழவில்லை. குப்பைக்கூடையைக் கிளறி ரப்பர் மூடியைத் தேடி எடுத்து, துடைத்து, மறுபடியும் மாட்டினார்.

இப்போது வரும் இயந்திரங்களில் தண்ணீர்ப் பொத்தான் மெத்தென்று நீலமாக இருக்கிறது. உள்ளே தண்ணீர் இருந்தால் கதவு திறப்பதில்லை. பயனரின் கஷ்டத்தை உணர்ந்த வடிவமைப்பாளர் என்று மாப்பிள்ளை படம் அவர்கள் கம்பெனி இதழில் வந்தது. அக்காவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. படத்தில் மாப்பிள்ளை தன் வீட்டுக் கூடத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் பன்னிரண்டு சுவிட்சுகள் தெரிகின்றன. புள்ளி கிடையாது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டு வாசல் கதவின் கைப்பிடியை லேசாகத் தூக்கி, கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி, அப்புறம் இழுத்தால்தான் திறக்கும், இல்லையா? போன வாரம் வந்த விருந்தாளி வெளியே நின்று போராடியபோது உள்ளே இருந்தபடியே என்ன சொன்னீர்கள்? "தூக்கிட்டு இழுங்க, தூக்கிட்டு! இது கூடத் தெரியலையா?" என்றுதானே? அவர் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்து, "மன்னிச்சிடுங்க, எனக்குத் தெரியல" என்றார்.

நீங்களும் பெரிய மனதோடு மன்னித்தீர்கள்.